உலர்ந்த வேட்டி

ஜன்னல் பக்கம் நீங்களே உக்காருங்க தம்பி. எனக்கு வழியோரம்தான் வசதி. கை ஆடுதேன்னு பாக்கறீங்களா? அது பாட்டுக்கு ஆடும். ஒட்டுற வியாதி இல்லீங்க, பயப்படாதீங்க. பார்க்கின்சன்னு டாக்டர் சொன்னாரு. நடுக்கவாதம்னு சொன்னா எங்க ஊர்ல புரிஞ்சுக்குவாங்க.

தாராபுரமா? நானும் அங்கதான் போறேன். டிரைவர் ஊதியூர்ல பஸ்ஸைக் கொஞ்ச நேரம் நிப்பாட்டுவான், மத்தபடி ஒரே ஓட்டம்தான். உங்களுக்கு எந்த ஊருங்க? மன்னார்குடியா. அதான் பேச்சுல 'ங்க' கம்மியா இருக்குது. பரவால்லீங்க, ஒரு வருசம் இங்க வேலை பாத்தீங்கன்னா தானா வந்துரும்.

நான் கல்யாணத் தரகர். சென்னியப்பன்னு பேரு. காங்கேயம் சுத்துவட்டாரத்துல என்னைத் தெரியாத வீடு கம்மி. மத்த தரகனுங்க எல்லாம் போன்ல போட்டோ காட்டுவாங்க. என்கிட்ட அதெல்லாம் கிடையாது. எல்லாம் இந்தத் தலைக்குள்ள. எந்த வீட்டுல பொண்ணு இருக்குது, எந்த வீட்டுல பையன் இருக்கறான், அவங்க என்ன கூட்டம், அம்மா பொறந்த வீடு எது, எல்லாம் சொல்லுவேன்.

கூட்டம்னா உங்களுக்குத் தெரியாதில்ல. எங்க சனத்துல ஒவ்வொரு குடும்பமும் ஒரு கூட்டத்தைச் சேர்ந்தது. ஆந்தை கூட்டம், காடை கூட்டம், தூரன் கூட்டம்னு நிறைய இருக்குதுங்க. ஒரே கூட்டம்னா பங்காளிங்க. நேர்ல பாத்தே இருக்க மாட்டாங்க, ஆனாலும் அண்ணன் தங்கச்சி முறை. கட்டிக்க முடியாது. தரகன் வேற எதுல தப்புப் பண்ணினாலும் மன்னிச்சுருவாங்க. பையன் சம்பளத்தைக் கூட்டிச் சொன்னாக்கூட சிரிச்சுட்டு விட்டுருவாங்க. கூட்டத்துல தப்புப் பண்ணினா வாசல்ல ஏத்த மாட்டாங்க.

இன்னைக்கு மூணு மணிக்குத் தாராபுரத்துல ஒரு பொண்ணு வீட்டுல போய் உக்காரோணும். இது ஒழுங்கா முடிஞ்சுதுன்னா பழையபடி என் போன் அடிக்கும். சொதப்பிட்டா அவ்வளவுதான், சென்னியப்பன் கதை முடிஞ்சுதுன்னு எல்லாரும் வேற ஆளைப் பாத்துக்குவாங்க. இந்த நேரத்துல என்னைக் கெடுக்கறதுக்கு வெளியாள் எதுக்குங்க? வீட்டுக்குள்ளயே ஒருத்தி இருக்கறா. என் சம்சாரம், பாவாத்தாள். நீங்க முகம் தெரியாத ஆளு, அதனால சொல்றேன். நீங்களே நியாயம் சொல்லுங்க.

இந்த நடுக்கம் வந்தப்பகூட எனக்கு ஒண்ணும் பெருசாத் தெரியலீங்க. காபி டம்ளரை ரெண்டு கையிலயும் புடிச்சுக்குவேன். சட்டைப் பித்தானை அவ போட்டு விடுவா. அதுக்குப் பொறவு வந்தது பாருங்க, அதுதான் என்னை உடைச்சுது. ஒண்ணுக்கு வருதுன்னு தோணும். தோணின உடனே போயாகோணும். எந்திரிச்சு நிக்கறதுக்குள்ள வேட்டி நனைஞ்சுரும். நரம்பு வியாதில இது வர்றதுதான், மூத்திரப்பைக்கு மூளை சொல்றது சரியாப் போகாதுன்னு டாக்டர் சொன்னாரு. அவருக்கென்ன, சொல்லிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டுட்டாரு.

என் தொழில் என்ன தொழில்? அடுத்தவங்க வீட்டு சோபால உக்கார்ற தொழில். வெள்ளை வேட்டி கட்டிட்டு உக்கார்ற தொழில். ஒரு வீட்டுல பேசிட்டு எந்திரிச்சேன். நாலு வயசுப் புள்ள ஒண்ணு, 'அம்மா, இந்த அப்பச்சி சோபால தண்ணி ஊத்திட்டாரு'ன்னு சொல்லுச்சு. அந்தப் பொண்ணோட அம்மா, 'ஃபேன் காத்துல காஞ்சுரும், வா'ன்னு புள்ளையைத் தூக்கிட்டு உள்ள போயிட்டா. நல்ல மனுசி. அவ திட்டியிருந்தா எனக்கு லேசா இருந்திருக்கும்.

அதுக்கு மேல நான் எங்கயும் போகலீங்க. எங்க பாவாத்தாள்தான் அக்கம்பக்கத்துல விசாரிச்சு, திருப்பூர்ல மூத்திரப்பைக்குன்னே பாக்கற டாக்டர் ஒருத்தர்கிட்டக் கூட்டிட்டுப் போனா. அதை நான் மறுக்கல. சின்ன வெள்ளை மாத்திரை. காலைல ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு. கொஞ்ச நாள்ல பாத்தா வேட்டி காஞ்சு கிடக்குதுங்க. காலைல கட்டின வேட்டியை ராத்திரி மடிப்புக் கலையாம அவுத்து வெக்கறேன். அந்த சந்தோசத்தை எப்படிச் சொல்றது? ஒரே நாள்ல மூணு வீட்டுக்குப் போனேன். சோபால நல்லாச் சாஞ்சு உக்காந்தேன்.

வாய் மட்டும் காஞ்சு போகும், நாக்கு மேலண்ணத்துல ஒட்டிக்கும். அது வெயிலுக்கு. எங்க காங்கேயத்து வெயில் இனிமே உங்களுக்கே தெரியும்.

அப்பத்தான் ஊர்ல என்னைப் பத்திப் பேச்சுக் கிளம்புச்சு. தரகருக்குப் புத்தி தடுமாறுதுன்னு. எல்லாம் பொறாமை. நடந்ததைச் சொல்றேன், நீங்களே பாருங்க. ஒரு வீட்டுக்குப் போய், 'அம்மிணிக்கு நல்ல இடம் ஒண்ணு வந்திருக்குது'ன்னு ஆரம்பிச்சேன். வீட்டுக்காரர் என்னை ஒரு மாதிரிப் பாத்தாரு. உள்ள இருந்து அந்தப் பொண்ணு கைக்குழந்தையோட வந்து, 'வாங்க சித்தப்பா, போன வருசம் நீங்கதானே எனக்கு முடிச்சு வெச்சீங்க'ங்குது. அவங்க கேட்டுக்குப் புதுசாப் பெயின்ட் அடிச்சிருந்தாங்க. பச்சை கேட்டு நீலமா மாறியிருந்தா வீடு எப்படிங்க தெரியும்? வேற ஒரு நாள் ஒரு பொண்ணை அவங்க அம்மா பேரைச் சொல்லிக் கூப்பிட்டேன். அம்மாவும் பொண்ணும் ஒரே சாடை. இதெல்லாம் ஒரு தப்பா?

பாவாத்தாள் மட்டும் என்னை ஒரு மாதிரி உத்துப் பாக்க ஆரம்பிச்சா. 'ஏனுங்க, இப்பத்தானே இதைக் கேட்டீங்க'ம்பா. 'ஏனுங்க, டிவி ஓடிட்டே இருக்குது, நீங்க செவுத்தைப் பாத்துட்டு உக்காந்திருக்கீங்க'ம்பா. மனுசன் அமைதியா உக்காந்திருந்தா அதுவும் குத்தமா?

வெள்ளக்கோயில் விசயம் மட்டும் கொஞ்சம் பெருசாயிருச்சு. அது என் தப்பு இல்ல. பொண்ணு வீடு காடை கூட்டம். பத்துப் பேர் உக்காந்திருக்காங்க. தட்டுல பழம், பலகாரம் எல்லாம் வெச்சாச்சு. நான் நல்லா நிமிந்து உக்காந்து, 'பையன் சென்னிமலை. நல்ல காடை கூட்டத்துக் குடும்பம்'னேன். என்ன இது, சந்தோசப்படாம உக்காந்திருக்காங்களேன்னு நான் மறுபடியும் சொன்னேன், கொஞ்சம் சத்தமா. பொண்ணோட தாய்மாமன் பலகாரத் தட்டை எடுத்துப் பின்னால வெச்சுட்டாரு. 'தரகரே, அண்ணனுக்கும் தங்கச்சிக்கும் முடிச்சுப் போட வந்தீங்களா? உங்க வேட்டி நல்லா வெள்ளையா இருக்குது. பேச்சுத்தான் சரியில்ல'ன்னாரு. பொண்ணோட அப்பா என் செருப்பை எடுத்து வாசப்படிக்கு நேரா வெச்சாரு.

பையனோட அப்பன்தான் என்கிட்டத் தப்பாச் சொல்லியிருப்பான். தாய் வழியைச் சொன்னானோ என்னமோ. அந்தக் குடும்பத்தை முன்னாலயே தெரியுமான்னு கேக்கறீங்களா? தெரியாம என்ன. அந்த அப்பனுக்கே நான்தான் பொண்ணு பாத்து முடிச்சேன்.

சரி, அதை விடுங்க.

அதுக்குப் பொறவு போன் அடிக்கறது நின்னு போச்சு. சும்மாவே இருந்தேன். பாவாத்தாள் என்னைக் கோயமுத்தூருக்கு இழுத்துட்டுப் போனா, நரம்பு டாக்டரம்மாகிட்ட. அந்தம்மா மாத்திரை எல்லாத்தையும் மேசைல பரப்பி வெச்சுப் பாத்தாங்க. இந்தச் சின்ன வெள்ளை மாத்திரையைத் தனியா எடுத்தாங்க. 'இது மூத்திரப்பையை அடக்கும். அடக்கற வேலையை அங்க மட்டும் செய்யாது, மூளைக்கும் போய் அங்கயும் அடக்கும். இந்த வியாதி இருக்கறவங்களுக்கு ஞாபகம், பேச்சு எல்லாம் மந்தமாகலாம். தலைக்கு அவ்வளவா ஏறாத வேற மாத்திரை இருக்குது, பிரஷர் பாத்துக்கிட்டுக் குடுக்கலாம். இதைக் கொஞ்சம் கொஞ்சமா நிறுத்துங்க. அதுவரைக்கும் டயபர் கட்டிக்குங்க'ன்னாங்க.

நான் முடியாதுன்னுட்டேன். 'டாக்டரம்மா, என் தலை நல்லாத்தான் இருக்குது. இடுப்புக்குக் கீழதான் தொந்தரவு. அது இந்த மாத்திரைல சரியாயிருச்சு. ஓடற வண்டியை எதுக்குப் பிரிக்கறீங்க'ன்னேன். டயபர் கட்டிட்டுப் பொண்ணு பாக்கப் போனா சரசரன்னு சத்தம் கேக்காதா? நீங்களே சொல்லுங்க. அந்தம்மா பாவாத்தாளைப் பாத்தாங்க. பாவாத்தாள் அந்தம்மாவைப் பாத்தா. பொம்பளைங்க ரெண்டு பேரும் கண்ணாலயே ஏதோ பேசிக்கிட்டாங்க. அப்பவே நான் உசாராயிருக்கோணும்.

இந்தக் கை இருக்குதே, இதுக்கு மாத்திரை அட்டையைப் பிரிக்க முடியாது. பிரிக்கப் போனா மாத்திரை துள்ளிக் கட்டிலுக்கடியில போயிரும். அதனால பாவாத்தாள்தான் பிரிச்சுத் தருவா. முன்ன எல்லாம் என் முன்னால உக்காந்து பிரிப்பா. கோயமுத்தூர் போயிட்டு வந்ததுக்கப்புறம் சமையக்கட்டுல இருந்தே பிரிச்சு, சில்வர் மூடியில வெச்சுக் கொண்டாருவா. தண்ணியும் கையிலயே இருக்கும். என்ன இவ்வளவு மரியாதைன்னு நினைச்சுக்கிட்டேன்.

கொஞ்ச நாள்ல மறுபடியும் வேட்டி நனைய ஆரம்பிச்சுது. மோர் அதிகமாக் குடிச்சேன், அதனாலன்னா. மழை பேஞ்சு குளுந்திருக்குது, அதனாலன்னா. நானும் நம்பிட்டேன். ஆனா ஒரு நல்லது நடந்துச்சு தம்பி. தலை நல்லாத் தெளிஞ்சுது. காலைல எந்திரிச்சு வாசல்ல உக்காந்தா, வரிசையா வீடு வீடா ஞாபகத்துக்கு வருது. முத்தூர்ல ஒரு பையன், அவனுக்கு மூலனூர்ல ஒரு பொண்ணு பொருந்துமேன்னு நானா உக்காந்து யோசிச்சு முடிச்சேன். பாவாத்தாள்கிட்டச் சொன்னேன். அவ அருவாமணையை விட்டுட்டு எந்திரிச்சு வந்து, 'இன்னொரு வாட்டி சொல்லுங்க'ன்னா. சொன்னேன். பொண்ணோட அம்மா, பாட்டி பொறந்த ஊர் வரைக்கும் சொன்னேன். கண்ணைத் தொடைச்சுக்கிட்டா. வெங்காயம் அரிஞ்சுட்டு இருந்தா.

எல்லாம் வல்லாரைக் கீரைங்க. தெனமும் துவையல் அரைச்சு வெப்பா. ஞாபகத்துக்கு அதை மிஞ்சி ஒண்ணு கிடையாது.

அதே சம்பந்தத்துக்குத்தான் முத்தூர்ல நிச்சயம். வெத்தலை பாக்கு மாத்தறதுக்கு முன்னால நான் சபையில எந்திரிச்சு ரெண்டு வீட்டு வழிமுறையும் சொல்லுவேன். கூட்டம், குலதெய்வம், அப்பன் வழி, தாய் வழி எல்லாம். மத்த தரகனுங்க இதைச் செய்ய மாட்டாங்க, தைரியம் வராது. எனக்கு அதுதான் பெருமை. அன்னைக்கு நான் எந்திரிச்சப்ப வெள்ளக்கோயில் ஆளுங்ககூட வந்திருந்தாங்க. அந்தத் தாய்மாமன் முன்வரிசைல கைகட்டி உக்காந்திருந்தாரு. நான் சொன்னேன் பாருங்க. ஒரு இடத்துல நாக்குத் தடுக்கல. பொண்ணோட கொள்ளுப்பாட்டன் எந்த ஊர்ல இருந்து வந்து குடியேறினாருன்னு பொண்ணு வீட்டுக்கே மறந்து போயிருந்துச்சு, நான் எடுத்துக் குடுத்தேன். அந்தத் தாய்மாமன் கட்டின கையை அவுத்துட்டாரு.

பேசி முடிக்கறப்ப நனைஞ்சுருச்சு.

நல்லவேளை, யாரும் பாக்கல. அங்கவஸ்திரத்தை முன்னால தொங்கவிட்டுட்டு அப்படியே உக்காந்துட்டேன். பையனோட பெரியப்பா அத்தப்பண்ணன், ஊர்ல பெரிய மனுசன், என் பேச்சுல அப்படியே சொக்கிப் போயிட்டாரு. எல்லாரும் பந்திக்குப் போறாங்க, அவரு போகல. நாற்காலியை என் முன்னால இழுத்துப் போட்டு உக்காந்துக்கிட்டு, ஹால்ல ஆள் காலியாகற வரைக்கும் மழையைப் பத்தியும் தேங்காய் விலையைப் பத்தியும் பேசினாரு. பொறவு தன்னோட கார்லயே வீட்டுக்கு அனுப்பி வெச்சாரு. புதுக் கார் போல. சீட்டு அழுக்காகக் கூடாதுன்னு பெரிய துண்டை நாலா மடிச்சு விரிச்சிருந்தாரு. பணக்காரங்களுக்குக் காரு மேல எவ்வளவு பாசம் பாருங்க.

இன்னைக்குத் தாராபுரத்துல இருக்கறது அவரோட தங்கச்சி வீடு. 'சென்னியப்பன் வந்து பேசட்டும், வேற தரகன் வேண்டாம்'னு அவரே சொல்லியனுப்பியிருக்காரு.

இப்ப வர்றேன் பாவாத்தாள் கதைக்கு. நேத்து கிரைண்டருக்குப் பின்னால ஒரு டப்பாவை எடுக்கப் போனேன். உள்ள என் மாத்திரை, அட்டை அட்டையா, பிரிக்காம. சில்வர் மூடில எனக்கு வந்துட்டு இருந்தது அதே மாதிரி சின்னதா வெள்ளையா இருக்கற ஏதோ சத்து மாத்திரை. 'இது என்னடி'ன்னு கேட்டேன். ஒளிக்கல அவ. 'ஆமாங்க, நாந்தான் மாத்தினேன். டாக்டரம்மாகிட்டப் போன்ல கேட்டுக் கேட்டுத்தான் குறைச்சேன். அவங்க சொல்ற புது மாத்திரைக்கு நீங்க வர மாட்டீங்கறீங்க, நான் வேற என்ன பண்றது'ன்னா. 'என்னைச் சபையில நனைய வெச்சுட்டியே'ன்னேன். அதுக்கு என்ன சொன்னா தெரியுங்களா? 'துணி நனைஞ்சா நான் தொவைச்சுக்கறேன். நீங்க செவுத்தைப் பாத்துட்டு உக்காந்திருந்தா நான் யாருகூடங்க பேசறது?'

பாத்தீங்களா? அவளுக்குப் பேச்சுத்துணைக்கு ஆள் வேணும். அதுக்கு என் மானத்தை வெச்சு விளையாடியிருக்கறா. நேத்துல இருந்து நான் அவகூடப் பேசல. இன்னைக்குச் சொல்லாமயே கிளம்பிட்டேன். வழக்கமா மாத்து வேட்டி அவதான் பையில எடுத்து வெப்பா. இன்னைக்கு வெறும் கையோட வந்திருக்கேன். போகட்டும். பஸ் ஸ்டாண்டு மெடிக்கல்ல நானே வாங்கிட்டேன், இதோ.

கொஞ்சம் பிரிச்சுக் குடுங்க தம்பி. என் கைல தண்ணி பாட்டில் இருக்குது. இப்பப் போட்டாத்தான் மூணு மணிக்கு வேலை செய்யும். இன்னைல இருந்து தெனமும் நானே போட்டுக்குவேன், யாரையாவது பிரிக்கச் சொல்லி.

ஏன் கைலயே வெச்சுட்டிருக்கீங்க? அந்த மூலையை அழுத்தினா வந்துரும்.

என்ன கேட்டீங்க? முத்தூர்ல நல்லாப் பேசினேனே, அப்ப இந்த மாத்திரை சாப்பிட்டேனான்னா? இல்லியே. அதான் சொன்னனே, அவ மாத்தி... ஆமாங்க, வல்லாரைதான். வல்லாரை எப்பல இருந்தா? அது ரொம்ப நாளாத் தர்றா. வெள்ளக்கோயில் போன அன்னைக்குக் காலைலகூட இட்லிக்கு அதுதான் தொட்டுக்கிட்டேன்.

இருங்க.

வெள்ளக்கோயில் அன்னைக்கு வல்லாரையும் இருந்துச்சு, மாத்திரையும் இருந்துச்சு. முத்தூர்ல வல்லாரை மட்டும்.

நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம் தம்பி. கொஞ்ச நேரம் ஜன்னலைப் பாருங்க.

அந்தச் சென்னிமலைப் பையனோட அப்பன்மேல பழியைப் போட்டுட்டுத் திரியறேன். அவன் நிச்சயத்துல நான்தான் எந்திரிச்சு நின்னு, காடை கூட்டம்னு என் வாயால சொன்னேன். இப்ப அந்த மண்டபம் ஞாபகத்துக்கு வருது. பந்தல்ல கட்டியிருந்த வாழைகூட வருது. அன்னைக்கு வெள்ளக்கோயில்ல இது ஒண்ணுமே வரலீங்க. வரலைங்கறதுகூடத் தெரியல. அதுதான் பயமா இருக்குது. நனைஞ்சா நனைஞ்சுதுன்னு எனக்குத் தெரியும். இது போனா, போச்சுன்னே தெரியாதுங்களே.

எனக்கு ரெண்டும் வேணும் தம்பி. காஞ்ச வேட்டியும் வேணும், பேச்சும் வேணும். ஊர்ல எல்லாரும் ரெண்டும் வெச்சுட்டுத்தான் திரியறாங்க. எனக்கு மட்டும் எது வேணும்னு கேட்டா நான் எதைச் சொல்லுவேன்?

போன் அடிக்குது. அவதான். காலைல இருந்து அடிக்கறா. நீங்களே எடுத்துப் பேசுங்க, நான்தான் அவகூடப் பேசறதில்லையே. பஸ்ஸுல பக்கத்துல இருக்கறவர்னு சொல்லுங்க. என்ன சொல்றா? பின்னால வர்ற வண்டில ஏறிட்டாளா? எப்படிக் கண்டுபுடிச்சா? சரி, மெடிக்கல்காரன் சொல்லியிருப்பான். வேட்டியா? மாத்து வேட்டி எடுத்துட்டுத்தான் வர்றாளா? அந்தப் புது மாத்திரைக்கு எப்பக் கோயமுத்தூர் போகோணும்னு கேளுங்க. நான் கேட்டேன்னு சொல்லாதீங்க. சரி, சொல்லுங்க, பரவால்ல.

அவ வர்றதுக்குள்ள தாராபுரம் வந்துரும். வந்துருச்சே, இதோ பஸ் ஸ்டாண்டு திரும்பறான். அங்க நீலச் சட்டை போட்டுட்டு நிக்கறாரு பாருங்க, அவருதான் பொண்ணோட அப்பா. என்னைக் கூட்டிட்டுப் போக வந்திருக்காரு. இன்னும் கொஞ்சம் கழிச்சு வந்திருக்கலாம் அந்த மனுசன்.

தம்பி, சீட்டைப் பாக்காதீங்க. ஊதியூர் தாண்டறப்பவே ஆயிருச்சு. உங்க பக்கம் வரல, நான் தள்ளித்தான் உக்காந்திருந்தேன். மாத்திரை உங்ககிட்டயே இருக்கட்டும். எனக்கு ஒரு உதவி மட்டும் பண்ணுங்க. நான் இறங்கறப்ப எனக்குப் பின்னாலயே ஒட்டி வாங்க. அந்தத் தூண் வரைக்கும் வந்தாப் போதும், அங்க நின்னு அவளுக்காகக் காத்துக்கறேன். அவருகிட்ட நான் பேச்சுக் குடுத்துக்குவேன்.

அவங்க தூரன் கூட்டம். குலதெய்வம் செல்லாண்டியம்மன். அந்த நீலச் சட்டைக்காரரோட அம்மா பொறந்த வீடு ஆந்தை கூட்டம், அவங்க அண்ணன் தம்பி நாலு பேரு, மூத்தவரு ஆத்துக்கு அக்கட்டால தோட்டம் வாங்கிப் போயிட்டாரு. பொண்ணோட அம்மா அத்தப்பண்ணன் தங்கச்சி, முத்தூர். எல்லாம் வருதுங்க. ஒண்ணு விடாம வருது.

கையைப் புடிச்சுக்குங்க, படி உயரமா இருக்குது. இன்னும் கொஞ்சம் கிட்ட வாங்க.